திருவாத்தியும் ஆத்தியும்

ஆத்தி என்னும் பெயரைக் கேளாத தமிழ்ச் சிறுவர் இலர். எழுத்தறியத் தொடங்கும் நாளிலேயே ஔவைப் பிராட்டியாரின் ஆத்திசூடி அவர்தம் நாவில் ஏறிவிடுகின்றது. அந்நூலுக்குப் பெயராய் அமைந்தது அதன் கடவுள் வாழ்த்தின் முதற்றொடரேயாம். அது ஆத்தி மலரைச் சூடிய சிவபெருமானைக் குறிக்கும். ஆயின், எம்பெருமான் சூடிய அவ்வாத்தி எது, அதன் இலை எத்தகையது, பூ எந்நிறத்தது என்று வினவின், ஓதிய சிறுவரேயன்றி ஓதுவித்த ஆசிரியரும் மயங்குவர். கொன்றையைக் காணாதார் இலர். எருக்கு வேலியோரத்தே நிற்கின்றது. வில்வம் கோயில்தோறும் உண்டு. ஆத்தி மட்டும் பெயரளவில் நின்றுவிட்டது.

இதனை யாம் எழுதப் புகுந்தது ஓர் அன்பரின் மனக்கவலை காரணமாகவாம். மயிலாப்பூரில் எமக்கு அணித்தே வாழும் அவர், தம் வீட்டின் பின்புறத்துச் சிறு நிலத்தை நந்தவனமாக்கி, நாடோறும் தாமே மலர் கொய்து சிவபூசை செய்பவர். ஆத்தியும் ஒன்று வேண்டுமென விழைந்து, செடி விற்பார் ஒருவரிடம் 'திருவாத்தி' எனக் கேட்டு வாங்கி நட்டார். அது தழைத்து மஞ்சள் மலர்களை நிறையப் பூத்தது. ஈராண்டுகள் அதனை உவகையோடு சாத்தி வந்தார். அண்மையில் சோழநாட்டினின்றும் வந்த முதியவர் ஒருவர் அச்செடியை நோக்கி, "ஐயா, இஃது ஆத்தியன்று, ஆத்தி மரம், இது செடி, ஆத்திப்பூ இத்துணைப் பெரிதுமன்று" என்று கூறிச் சென்றனர். அன்பர் அன்றிரவு உறங்கவில்லை. மறுநாட் காலையில் எம்மிடம் வந்து, "ஈராண்டு யான் சாத்தியது பெயர் மாறிய பூவோ?" என்றார். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், ஒரு செடியின் பெயருக்குள் எத்துணை நாடுகளின் வரலாறு அடங்கிக் கிடக்கின்றது என்பது எமக்குப் புலனாயிற்று.

முதற்கண் அன்பர் வீட்டுச் செடியையே காண்போம். அஃது ஓராள் உயரத்தின் இருமடங்கு வரை வளரும் புதர்ச்செடி. அடியிலிருந்தே பல கிளைகள் பிரிந்து, மெல்லியவாய் வளைந்து தாழும். இளங்கிளைகளிலும் இலையின் அடிப்புறத்திலும் மென்மயிர் படர்ந்திருக்கும். இலையே இவ்வினத்தின் அடையாளம்: நுனியிலிருந்து ஏறக்குறைய நடுவரை பிளவுபட்டு இரண்டு மடலாய், மாட்டின் குளம்படி போலத் தோன்றும். மாலையில் அவ்விரு மடலும் ஒன்றையொன்று நோக்கிக் கூம்பும். அந்திப் பூசைக்கு மலர் பறிக்கச் சென்ற அன்பர், செடி கைகூப்பி நிற்பதாகவே அதனைக் கருதியிருந்தாராம். மலர் வெளிறிய மஞ்சள் நிறத்தது. ஐந்து இதழ்களும் ஒன்றன்மேலொன்று கவிந்து, முழுவதும் விரியாமல், சிறுமணி போலத் தலைகவிழ்ந்து தொங்கும். மேலிதழின் உட்புறத்து அடியில் கருஞ்சிவப்பான மறு ஒன்று உண்டு. சில செடிகளில் அஃது இராது. மகரந்தத் தாள்கள் பத்து. வாடுங்கால் மலரின் மஞ்சள் மாறி ஊதாச்சாயல் ஏறும். பின்னர்த் தட்டையான காய் தோன்றி, முற்றியபின் வெடித்து விதை சிந்தும். காயைக் கண்டவர்க்கு இஃது அவரையின் உறவென்பது சொல்லாமலே விளங்கும்.

இச்செடியை மேனாட்டார் அறிந்த வரலாறு நம் அண்டை நாட்டிலிருந்தே தொடங்குகின்றது. கொச்சியில் ஒல்லாந்தரின் ஆளுநராயிருந்த வான் ரீடு என்பார், இட்டி அச்சுதன் முதலிய மலையாள மருத்துவர்களின் துணைகொண்டு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதற் றொகுதியிலேயே சிவந்த மந்தாரமும் வெள்ளை மந்தாரமும் படத்தோடு காணப்படும். அவற்றையடுத்து மஞ்சட் பூவுடைய இச்செடி 'காஞ்சனப்பூ' என்னும் நாட்டுப் பெயரோடே இடம்பெற்றுள்ளது. காஞ்சனம் பொன், பெயர் மலரின் நிறம்பற்றி வந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் நம் சென்னைக் கோட்டையில் மருத்துவராயிருந்த சாமுவேல் பிரௌன் என்பாரும் இப்பகுதிச் செடிகளைத் தமிழ்ப் பெயர்களுடன் திரட்டி இலண்டனுக்கு விடுத்தனர். அவை ஆங்குள்ள இராயல் சொசைட்டியின் இதழில் அச்சேறின. செடியை அறிய விரும்பினோர் முதலில் கேட்டது உள்ளூரார் வழங்கிய பெயரையே என்பது ஈண்டு நினைவிற்கொள்ளற்பாலது.

நாட்டுப் பெயர் நாட்டுக்கு நாடு வேறுபடுதலின், உலகெங்கும் செல்லுமொரு பெயர் வேண்டப்பட்டது. பிரான்சு நாட்டுத் துறவியாகிய சார்ல் ப்ளூமியே என்பவர், பிளவுபட்ட இலையுடைய இவ்வினத்துக்கு 1703-இல் 'பௌகீனியா' எனப் பெயரிட்டார். பௌகீன் என்பது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரோடு தொடர்புடைய உடன்பிறந்தார் இருவரின் குடிப்பெயர். மூத்தவர் ழான் (1541-1613), இளையவர் காஸ்பார் (1560-1624). இருவரும் செடிநூல் வல்லுநர். இளையவர் 1623-இல் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய 6,000 செடிகளின் பெயர்களை, ஒன்றற்கே பலர் இட்ட பல பெயர்களையும் ஒப்புநோக்கி வகுத்துவைத்தார். ஒரு காம்பில் இரு மடல் நிற்கும் இலை, ஒரு குடியிற் பிறந்த அவ்விருவரை நினைவூட்டுவதாயிற்று. பெயர் மயக்கம் தீர்க்க வாழ்நாளைச் செலவிட்டவரின் பெயரைத் தாங்கிய செடியே நமக்குப் பெயர் மயக்கம் விளைத்தது வியப்பே.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் தம் பெருநூலில் ஒவ்வொரு செடிக்கும் இருசொற் பெயர் வகுத்தபோது இம்மஞ்சட் பூச்செடிக்குப் 'பௌகீனியா தொமெந்தோசா' எனப் பெயரிட்டார். தொமெந்தோசா என்பது மென்மயிர் போர்த்தது என்னும் பொருட்டு. செம்மந்தாரை இரண்டிற்கும் வெண்மந்தாரைக்கும் பெயர் வழங்கியதும் அந்நூலேயாம். அவற்றைப் பிரித்தறிய எளிய வழியுண்டு: வளமான மகரந்தத்தாள் ஐந்துடையது ஒரு செம்மந்தாரை, மூன்றுடையது மற்றொன்று, வெண்மந்தாரைக்கும் நம் மஞ்சட் செடிக்கும் பத்து.

இவ்வினம் அடங்கிய அவரைக் குடும்பத்தை நெடுங்காலம் மூன்று கிளைகளாக்கிக் கூறினர்: அவரை போல்வன, கொன்றை போல்வன, வாகையும் வேலும் போல்வன. அப்பகுப்பில் ஆத்தியினம் கொன்றையின் கிளையில் இருந்தது. மரபணு ஆராய்ச்சியின் வழியே பல நாட்டு அறிஞர் கூடி 2017-இல் வெளியிட்ட புதிய பகுப்பில் கிளைகள் ஆறாயின. ஆத்தியினம் கொன்றையினின்றும் பிரிந்து தனிக்கிளை எய்தியது. கிளை வேறாயினும் குடும்பம் ஒன்றே. இறைவன் சூடும் கொன்றையும் ஆத்தியும் ஒரு குடிப்பிறந்தன என்பதில் மாற்றமில்லை.

மயிலைக்கும் இச்செடிக்கும் வேறொரு தொடர்பு உண்டு. ஐரோப்பியர் தம் நூல்களில் இதனைப் 'புனித தோமையார் மரம்' என வழங்குவர். இயேசுநாதரின் மாணாக்கராகிய தோமையார் இம்மயிலைப் பகுதியிலே உயிர்நீத்தார் என்பது கிறித்தவர் கொண்ட மரபு. மலரினுட் காணும் செம்மறு அவர் சிந்திய குருதியின் சுவடு என அவர் கூறுவர். சாந்தோமின் பெயரும் அவர் வழி வந்ததே. ஆக, ஒரே பூவில் ஒருசாரார் தம் அடியாரின் குருதியைக் கண்டனர். மற்றொருசாரார் தம் இறைவனின் கண்ணியைக் கண்டனர். பூவுக்கு இவற்றுள் எதுவும் தெரியாது. அது தன்பாட்டிற் பூக்கின்றது.

நிற்க. இனி, முதியவர் கூறிய மரம் யாதென ஆராய்வோம். நம் நூல்களில் ஆத்திக்கு 'ஆர்' என்னும் பெயரும் உண்டு. சேரர்க்குப் போந்தை, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆர் என மூவேந்தர்க்குரிய பூக்களைத் தொல்காப்பியப் புறத்திணையியல் சுட்டும். சோழர் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முட் பொருதபோது, இருவர் கண்ணியும் ஆர்மலரே என எடுத்துக்காட்டி, தோற்பது நுங்குடியே என்று இடித்துரைத்தவர் கோவூர்கிழார். அச்செய்யுள் புறநானூற்றில் உள்ளது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறிய மலர்களுள்ளும் ஆத்தி உண்டு. இவற்றால் ஆத்தி பழைமையுடையது என்பது தெளிவாகும். அதன் உருவம் தெளியாது. உருவம் அறியச் சேக்கிழார் பெருமானிடமே செல்லல் வேண்டும்.

பெரிய புராணத்தில் ஆத்தி இரண்டிடத்துச் சிறந்து நிற்கின்றது. சேய்ஞலூர்ப் பிள்ளையார் விசாரசருமர் மண்ணியாற்று மணற்றிட்டில் ஓர் ஆத்தியின் கீழ் மணலால் இலிங்கம் அமைத்து, அதன் மலரையும் தளிரையும் பிறவற்றோடு கொய்து சாத்திப் பாலாட்டி வழிபட்டார். தந்தையார் பாற்குடத்தைக் காலால் இடறியதும், கோலே மழுவாகி அவர் தாளைத் துணித்ததும், இறைவன் வெளிப்பட்டுச் சண்டீசபதம் அளித்ததும் அவ்வாத்தியடியிலேயே. மற்றொன்று திருச்செங்காட்டங்குடி. சிறுத்தொண்டரைத் தேடிவந்த வைரவ அடியார், அவர் வீட்டில் இலராகவே, கணபதீச்சரத்து ஆத்தியின் கீழ் இருப்போம் எனச் சொல்லிச் சென்றனர். தொண்டர் அவ்வாத்தியடியிலே சென்று கண்டு, அமுதுண்ண அழைத்தனர். அப்புறம் நிகழ்ந்ததை நினைந்தால் நெஞ்சு நடுங்கும். அத்தலத்துக்கு இன்றும் ஆத்தியே தலமரம்.

பூசை செய்யவும் விருந்தினர் அமர்ந்திருக்கவும் நிழல் தந்தது என்றால், அது தண்டு ஓங்கிக் கிளை கவிந்த மரமாதல் வேண்டும். அடியிலிருந்தே கிளைக்கும் புதரின் கீழ் ஒருவர் அமர்தல் அரிது. இக்கருத்து எமக்கு வலிமையுடையதாகத் தோன்றினும், இஃதொன்றே முடிந்த முடிபன்று என்பதையும் ஒப்புகின்றோம். மஞ்சட் பூச்செடியும் நெடுநாள் வெட்டாது விட்டால் சிறுமரம்போல் ஓங்குதல் உண்டு. இதனினும் உறுதியான சான்று மொழியிலே கிடைக்கின்றது. நம் வறண்ட காடுகளிலும் குன்றுச் சரிவுகளிலும் வளரும் கோணலான சிறுமரம் ஒன்றைத் தெலுங்கர் 'ஆரெ' என்பர். மலையாளத்தார் 'ஆரம்பாளி' என்பர். இரண்டிலும் நம் 'ஆர்' அழியாது நிற்றலைக் காண்க. அம்மரத்தையே தமிழரும் ஆத்தி என வழங்குவர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் ஆத்தி என்னுஞ் சொல்லுக்கு அம்மரத்தின் பெயரையே தந்துள்ளது. மூன்று மொழியார் ஒன்றுபட்டு ஒரு மரத்தைச் சுட்டும்போது ஐயத்துக்கு இடமில்லை.

அம்மரத்தின் செடிநூற் பெயர் 'பௌகீனியா ரசிமோசா'. ரசிமோசா என்பது கொத்தாய்ப் பூப்பது என்னும் பொருட்டு. கிளைகள் தாழ்ந்து தொங்கும். பட்டை கருமையுடையது, பிளவுகளுடையது. இலை மஞ்சட் செடியினதைப் போன்றே இருமடலாயினும் சிறியது, தடித்தது, நீளத்தினும் அகலம் மிக்கது. மலர் மிகச் சிறியது, வெண்மையும் மஞ்சளும் கலந்த வெண்ணெய் நிறத்தது, இதழ்கள் ஒடுங்கியவை. கிளைநுனிகளில் நீண்ட கொத்துக்களாய் வேனிலிற் பூக்கும். காய் நீண்டு பருத்துச் சிறிது முறுகி, வெடியாமல், இலையுதிர்ந்த பின்னும் மரத்திலேயே நெடுநாள் தொங்கும். அகலத்தே நின்று நோக்குவார்க்கு ஆத்தியை அடையாளங் காட்டுவது பூவன்று, அக்காயேயாம். இதன் பட்டையின் நாரிற் கயிறு திரிப்பர்; இலையிற் பீடி சுற்றுவர். மராட்டியர் இதனை 'ஆப்டா' என்பர். விசயதசமியன்று இதன் இலையைப் பொன் எனச் சொல்லி ஒருவர்க்கொருவர் கொடுத்து மகிழ்வர். நம்மவர் இறைவன் முடிக்கு ஏற்றிய ஒன்றை அவர் பொன்னாக மதித்தனர்.

மேனாட்டாரும் இதன் பெயரில் மயங்கியே தெளிந்தனர். 1785-இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க் இம்மரத்துக்கு 'ரசிமோசா' எனப் பெயரிட்டார். டென்மார்க்கு நாட்டு வால் என்பார், அப்பெயரையே இமயமலை அடிவாரத்துப் பெருங்கொடி ஒன்றுக்கு இட்டதோடு, நம் ஆத்திக்கு வேறு பெயரும் வழங்கினர். இருவேறு உயிர்க்கு ஒரே பெயர் ஆகாதாகலின், சென்னை அரசில் மருத்துவராய்ப் பணிபுரிந்த இராபர்ட் வைட் என்பாரும், அவர் நண்பர் ஆர்னட்டும் 1834-இல் அக்கொடிக்கு வால் என்பவர் நினைவாகவே புதுப்பெயர் சூட்டினர். மயிலைக்கு அணித்தாகக் கதீட்ரல் சாலையில் இருந்த வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் தோன்றியபோது அதனோடு தொடர்புடையராயிருந்தவரும் அவ்வைட்டே. பின்னர் ஆத்தியை வேறோர் இனத்தில் வைத்து எண்ணினாரும் உளர். இரு நூற்றாண்டுகளாக எழுதுகோல் ஏந்திய அறிஞரே இங்ஙனம் தடுமாறினர் எனின், செடி விற்பாரை நோதல் தகாது.

இனி, மரத்தின் பெயர் செடிக்கு ஏறியது எவ்வாறு? எம் கருத்து இது: இருமடல் இலை இரண்டிற்கும் ஒத்தலின், மரத்தைக் காணாத ஊரார் செடியையும் ஆத்தி என்றனர், வேறுபாடு தோன்றக் காட்டாத்தி என்றும் கூறினர். மலர் பெரிதாயும் பொன்னிறமாயும், ஆண்டின் பெரும்பகுதியும் கிடைப்பதாயும், வீட்டு முற்றத்தில் வளர்வதாயும் இருத்தலின் அதுவே பூசைக்கு எளிதாயிற்று. பூசைக்கு வந்தபின் 'திரு' என்னும் அடையும் சேர்ந்தது. பட்டணத்தில் மரம் மறைய மறையச் செடியே ஆத்தி என நின்றது. மருந்து நூல்களிலோ மயக்கம் இன்னும் மிகும். ஆங்குத் தாதகி என்பது ஆத்திக்கும் ஒரு பெயராகும். தாதகிப்பூ எனச் சிவந்த சிறுபூ ஒன்றும் வழங்கும். அஃது அவரைக் குடும்பமே அன்று. மருந்துக்கு ஆத்தி வேண்டுவோர் பெயரை மட்டும் நம்பிச் செல்லாது, இலை கண்டு கொள்க.

இவ்வளவும் கேட்ட அன்பர், "வாயிலார் நாயனார் வாழ்ந்த ஊர் இது. அவர் புறப்பூ ஒன்றும் தேடாமல் நெஞ்சையே கோயிலாக்கி அன்பையே அமுதாக்கினார். பின் எந்தப் பூவாயின் என் என்று தாங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று அஞ்சினேன்" என்றார். யாம் அவ்வாறு சொல்லவில்லை. வாயிலாரின் நிலை வாயிலார்க்கு எளிது. நம்மனோர்க்குப் புறத்தே பூவும் நீரும் வேண்டியே சரியை கிரியைகள் விதிக்கப்பட்டன. பூக்களின் முறை கூறப் புட்பவிதி எனத் தனிநூலே கமலை ஞானப்பிரகாசர் இயற்றினார். விதி உண்டாயின் பொருளின் பெயரை அறிதலும் கடனாகும். ஆயினும், அறியாது சாத்திய ஈராண்டுப் பூ வீணாயிற்று என்பதும் எமக்கு உடன்பாடன்று. அஃது ஆத்தியின் உறவு. மணமும் தூய்மையும் உடையது. விடியலிற் குளித்து அன்பொடு கொய்தது. சண்டீசப் பிள்ளையார் தாமும் ஆத்தியோடு அருகில் வளர்ந்த தூய பூக்களையெல்லாம் தேர்ந்தே சாத்தினார்.

அன்பர் செடியைப் பிடுங்க எண்ணியிருந்தார், யாம் தடுத்தோம். அதன் அடியில் நட்ட பலகையில் இருந்த பெயரைமட்டும் மாற்றினார். 'திருவாத்தி' என்பதன் கீழ் 'மஞ்சள் மந்தாரை' என இப்பொழுது எழுதியுள்ளது. மரத்துக்கு விதை வேண்டுமென அம்முதியவருக்கே கடிதம் விடுத்தார். பங்குனியில் முற்றிய காய்கள் நான்கு அஞ்சலில் வந்தன. வெடியாத காயாகலின் கல்லால் உடைத்து விதை எடுத்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் இட்டோம். பதினொரு விதைகளில் ஐந்து முளைத்தன. முதலிலை இப்போது விரல்நக அளவில் இரு மடலாய்ப் பிரிந்து நிற்கின்றது.